வெள்ளிக்கிழமை கொலுவா, கேமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தவை. செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை அந்த வீடுகள் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். என் மகன் பள்ளி வாத்தியக் குழுவான பேண்டில் இருந்தான், மகள் கிராஸ் கன்ட்ரி என்ற காட்டுப்பாதை நெடுந்தூர ஓட்டம் ஓடினாள், டாலஸ் புறநகரில் எட்டு வருட இலையுதிர்காலம் எனக்குப் பள்ளி மைதானங்களில்தான் போனது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு, நடந்துகொண்டே வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) கேமுக்குப் பேண்டும் போயாக வேண்டும். கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நவராத்திரி வெள்ளிக்கிழமையில் நாலு பேரைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு கொடுக்காமல் மைதானத்துக்குப் போவதா என்று வருத்தப்படுகிறார். கணவர் வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்வது?
ஒரு வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

கேமுக்குப் போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் பத்தாவது படித்த வருடம், நவராத்திரி வெள்ளிக்கிழமை, வீட்டில் பதினைந்து பேர். ஏழு படி கொலு, கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு பேர் பாடினார்கள், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அன்று ராத்திரிதான் அவனுக்கு முதல் தடவையாக ஒரு சின்ன சோலோ, இருபது விநாடிகூட இருக்காது. முன்கூட்டியே சொல்லியிருந்தான். ‘சரி, பார்க்கலாம்’ என்று நானும் சொல்லியிருந்தேன். பத்தரை மணிக்கு அவன் உள்ளே வந்தபோது நான் மீதித் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ‘எப்படிடா போச்சு?’ என்று கேட்டேன். ‘நல்லாப் போச்சும்மா’ என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்ம் தொப்பி வைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை மாடிப்படியிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை, முகம்கூட வாடவில்லை. ஆனால் மாடிப்படியில் இருந்த அந்தப் பெட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வந்திருந்த பதினைந்து பேரையும் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தால் ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சரி, கணக்காகவே பார்ப்போம். டெக்சாஸில் வழக்கமான சீசன் 10 கேம், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம்வரை. கொலு ஒன்பது நாள், அதில் வெள்ளிக்கிழமை ஒன்று வரும், மிஞ்சினால் இரண்டு. அன்றைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்கேற்றி, நைவேத்தியம் செய்து, பக்கத்து வீட்டு சுமங்கலி ஒருவரைக் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுத்துவிடுங்கள். பெரிய அழைப்பை சனி ஞாயிறுக்கு வையுங்கள், வருகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம்.

மாமியாரிடம் இதை விளையாட்டு என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள், அரங்கேற்றம் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். கோடை விடுமுறையிலிருந்தே இந்தப் பிள்ளைகள் பள்ளி கார் பார்க்கிங்கில் நூறு டிகிரி வெயிலில், தரையில் சுண்ணாம்பால் போட்ட புள்ளிகளை எண்ணி எண்ணி நடந்து பழகியிருக்கிறார்கள். ஆட்டத்தின் இடைவேளையில் வாசித்துக் காட்ட அவர்களுக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாதஸ்வரம் போகும் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, நடந்துகொண்டே வாசிப்பதில் என்ன கஷ்டம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், பார்த்த உடனே பிடிபட்டுவிடும். நன்றாக வாசிக்கும் பேண்டுகள் நவம்பரில் சான் ஆன்டோனியோவின் ஆலமோடோமில் நடக்கும் மாநிலப் போட்டிவரை போகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

போகும்போது சில விஷயம். பல பள்ளி மாவட்டங்களில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பைதான் உள்ளே விடுவார்கள், வெளிச் சாப்பாடும் கூடாது. நாங்கள் பார்க்கிங்கிலேயே கார் டிக்கியைத் திறந்து வைத்து, எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோன சுண்டலை ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். உட்காரும் இடம் அலுமினிய பெஞ்ச், ராத்திரியானால் ஐஸ் மாதிரி இருக்கும், மாமியாருக்கு ஒரு திண்டும் சால்வையும் கட்டாயம்.

கேள்வி: கிரிக்கெட்டில் வளர்ந்தவன் நான். மகன் ஜேவி (பள்ளியின் இரண்டாம் நிலை) ஃபுட்பால் அணியில் சேர்ந்திருக்கிறான். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கத்தும்போது நானும் கத்துகிறேன், அவ்வளவுதான்.
ஒரு அப்பா, கேட்டி, டெக்சாஸ்

கிரிக்கெட் தெரிந்தால் போதும் சார். ஒரு ஓவருக்கு நாலு பந்து, அதற்குள் பத்து ரன் எடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ரன்னுக்குப் பதில் கஜம். பந்து கையில் இருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. அறிவிப்பாளர் ‘தேர்ட் அண்ட் செவன்’ என்றால் மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு கஜம் பாக்கி என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் இரண்டு பக்கமும் கூச்சல் அதிகமாகும், கவனித்துப் பாருங்கள். கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அதன்பின் உதைத்தால் இன்னும் 1. நாலாவது முயற்சியில் தூரம் அதிகமாக இருந்தால் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அல்லது கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். மஞ்சள் கைக்குட்டை தரையில் விழுந்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் இந்த சீசனை ஓட்டிவிடலாம். ஆட்டம் 12 நிமிடக் கால் பகுதிகள் நாலு, கணக்குப்படி 48 நிமிடம்தான், கடிகாரம் நின்று நின்று ஓடுவதால்தான் இவ்வளவு நேரம் இழுக்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு டாலஸுக்கு வடக்கே உள்ள ஆலன் ஊரைச் சொல்லலாம். 2012ல் அங்கே ஹைஸ்கூலுக்காகத் திறந்த ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம், செலவு சுமார் 6 கோடி டாலர். கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014ல் மூடினார்கள், சரிசெய்து அடுத்த வருடம் மறுபடி திறந்தார்கள்.

இன்னொன்று, பூஸ்டர் கிளப்பில் பெயர் கொடுங்கள். பெற்றோர்களே நடத்தும் சங்கம் அது, ஸ்டேடியத்தில் தின்பண்டக் கடை போட்டு அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்வார்கள். என் கணவர் கூச்ச சுபாவம், பத்து வருடம் இங்கே இருந்தும் தெருவில் இரண்டு பேரைத்தான் தெரியும். ஒரு சீசன் நாச்சோ சிப்ஸ் மேல் சீஸ் ஊற்றிக் கொடுத்தார், நவம்பருக்குள் பாதி ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ‘ஹலப்பீன்யோ மிளகாய் போதுமா, இன்னும் வைக்கட்டுமா?’ என்று கேட்பதற்கு நம் ஆட்களைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்கள்!

கேள்வி: மகளுக்கு ஹோம்கமிங்குக்கு (பழைய மாணவர்களையும் வரவேற்று, கேமும் டான்ஸுமாகப் பள்ளி கொண்டாடும் விழா) ‘மம்’ வேண்டுமாம். கடையில் கேட்டால் நூற்றுக்கணக்கான டாலர் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு பையன் அட்டையில் ஏதோ எழுதிப் பிடித்துக்கொண்டு வந்து டான்ஸுக்குக் கூப்பிட்டானாம். எனக்குத் தூக்கமே வரவில்லை.
ஒரு அம்மா, ஆலன், டெக்சாஸ்

முதலில் மம். அது வேறொன்றும் இல்லை, நம்ம சாமந்திப்பூதான். ஒரு காலத்தில் நிஜப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு போனார்கள். இப்போது துணிப் பூ, அதைச் சுற்றிப் பள்ளி நிறத்தில் முழங்காலுக்குக் கீழேவரை தொங்கும் ரிப்பன்கள், மணிகள், குட்டிக் கரடி பொம்மை, மினுக்கும் விளக்குகூட உண்டு. குத்தினால் சட்டை தாங்காது என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், பையன்கள் கையில் சின்னதாக ஒன்று கட்டிக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய கூத்து டெக்சாஸில்தான், வேறு மாநிலத்து உறவினர்களிடம் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கடையில் வாங்காதீர்கள். கைவினைக் கடையில் வெற்றுப் பூவும் ரிப்பன் சுருளும் சூடான பசைத் துப்பாக்கியும் வாங்கி வந்து மேஜையில் பரப்பிக்கொண்டு மகளோடு உட்காருங்கள். கதம்பம் கட்டத் தெரிந்த கைக்கு ரிப்பன் பின்னுவது ஒரு வேலையே இல்லை. நான் மூன்று ரிப்பனைச் சடை பின்னுகிற மாதிரி பின்னி, நுனியில் பழைய சலங்கையிலிருந்து கழற்றிய மணிகள் நாலைக் கோத்துக் கொடுத்தேன். பசை சுட்டு இரண்டு விரல் கொப்பளித்தது, ஆனால் அந்த ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் அவள் பள்ளியைப் பற்றிப் பேசிய அளவுக்கு முந்தைய ஒரு மாதத்தில் பேசவில்லை. அதை மாட்டிக்கொண்டு போன அன்று வகுப்பில் நடக்கும்போதெல்லாம் சலங்கைச் சத்தம் கேட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் அந்தப் பையன். அட்டை எழுதிப் பிடிப்பது இந்த வயதில் இங்கே வழக்கம், கல்யாணப் பேச்சு இல்லை. பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து சாப்பிடப் போய், அங்கிருந்து பள்ளி டான்ஸுக்குப் போவார்கள். மகள் உங்களிடம் வந்து சொன்னாள் பாருங்கள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். போக வேண்டுமா வேண்டாமா என்று அவளிடமே கேளுங்கள், யார் கார் ஓட்டுகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேளுங்கள், பையனின் பெற்றோரிடம் ஒரு தடவை பேசுங்கள். நீங்கள் கத்தினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள்.

கேள்வி: ஸ்ரீரங்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேத்திக்குப் பதினாறு வயது. இந்தக் குளிரில் அரை நிஜாரோடு காட்டுக்குள் மூன்று மைல் ஓடுகிறாள். வேண்டாம் என்றால் யாரும் கேட்பதில்லை. ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிடக் கொடுப்பது என்றாவது சொல்லுங்கள்.
ஒரு பாட்டி, மாசசூசெட்ஸ்

அம்மா, நமஸ்காரம். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி கொடுங்கள், தொட்டுக்கொள்ள எண்ணெயும் காரமும் குறைவாக. கிளம்பும்போது ஒரு வாழைப்பழம். பூரி, வடை எல்லாம் ஓடி முடித்த பிறகு. தயிர் சாதத்தை டப்பாவில் எடுத்துப் போங்கள், முடித்துவிட்டு வந்து அதைத்தான் தேடுவாள், என் மகள் அப்படித்தான்.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் உடம்பு சூடாகிவிடும். ஓடி முடித்த பிறகுதான் உங்கள் வேலை, வேர்வை ஆறுவதற்குள் போர்வையைச் சுற்றிவிட வேண்டும். ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள் அம்மா. பந்தயம் 5 கிலோமீட்டர். ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டுவார்கள், யாருக்குக் கூட்டல் குறைவோ அவர்கள் ஜெயித்தவர்கள். அதனால் முதலில் வருகிற பெண்ணைவிட ஐந்தாவதாக வருகிற பெண்ணுக்குத்தான் அணியே கத்தும். மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும், அதற்குள்ளிருந்து முழங்கால்வரை சேறும், வாயில் புகையாய் மூச்சும், நாலு ஊக்கில் குத்திய நம்பர் அட்டையுமாக உங்கள் பேத்தி வெளியே வரும்போது நீங்களே கத்துவீர்கள், நான் கத்தினேன்.

பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று உங்கள் மனதில் இருக்கலாம், கடிதத்தில் எழுதவில்லை என்றாலும். உங்கள் இளவயதில் இந்த ஊர்ப் பெண்களுக்கும் இது கிடைக்கவில்லை. 1972ல், கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தபோது நாடு முழுக்க ஹைஸ்கூலில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு, இப்போது 30 லட்சத்துக்கு மேல். சண்டை போட்டு வாங்கிய இடத்தில்தான் உங்கள் பேத்தி ஓடுகிறாள்.

கேள்வி: தீபாவளிக்குப் பள்ளிக்கு லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடுமா?
இர்விங், டெக்சாஸ்

போகாது. மதப் பண்டிகைக்காக எடுக்கும் விடுப்பை அனுமதித்த விடுப்பாகத்தான் கொள்ள வேண்டும் என்று டெக்சாஸ் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது, முன்கூட்டியே பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். கோச்சுக்கும் தனியாக ஒரு வாரம் முன்பே பிள்ளையை விட்டே சொல்லச் சொல்லுங்கள், கடைசி நாளில் அம்மா போன் செய்வது அவர்களுக்குப் பிடிக்காது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2024ல் முதல் தடவையாகத் தீபாவளி விடுமுறை கிடைத்தது. 2026ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம்.

2024ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. எங்கள் தெருவில் ஒரே வாசலில் கோலமும் அகல்விளக்கும் பக்கத்தில் குடைந்து வைத்த பரங்கிக்காயும் இருந்தன, அதைப் பார்க்கவே அவ்வளவு அழகு. அதையொட்டி ஒரு விஷயம், ஹாலோவீனுக்குக் கதவைத் தட்டும் குழந்தைகளுக்கு வீட்டில் செய்த முறுக்கு, லட்டு கொடுக்காதீர்கள். ஒவ்வாமைக்குப் பயந்து பெற்றோர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நமக்கு மனசு கஷ்டம். தெரிந்த வீடுகளுக்குத் தட்டில் வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: தேங்க்ஸ்கிவிங்குக்கு நியூஜெர்சியில் அண்ணன் வீட்டுக்கு எல்லோருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. இப்போது பையனின் அணி பிளேஆஃபில் ஜெயித்துக்கொண்டே போகிறது, வர மாட்டேன் என்கிறான். டிக்கெட் காசு போகிறதே என்று வீட்டில் ஒரே சண்டை.
ஒரு அப்பா, ஆஸ்டின்

காசு போகட்டும் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெக்சாஸில் தேங்க்ஸ்கிவிங் காலையில் பயிற்சிக்குப் போவது என்பது ஒரு அணிக்குக் கிடைக்கும் பெருமை, பிளேஆஃபில் முதல் இரண்டு சுற்றையும் ஜெயித்தவர்கள்தான் அன்று மைதானத்தில் இருப்பார்கள். உங்கள் பையன் கோடை முழுக்க உழைத்தது இதற்காக. அவனை இழுத்துக்கொண்டு போனால் அண்ணன் வீட்டில் நாலு நாளும் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில்தான் உட்கார்ந்திருப்பான்.

இந்த நாளில் ஃபுட்பால் பார்ப்பதும் ஆடுவதும் இவர்களுக்குப் பண்டிகையில் ஒரு பகுதி. லிங்கன் 1863ல் அறிவித்து, நவம்பர் நாலாவது வியாழன் என்று 1941ல் சட்டமாக ஆன பண்டிகை இது. அதற்கு வெகு முன்பே, 1882லேயே, மாசசூசெட்ஸில் வெல்ஸ்லி, நீடம் என்ற இரண்டு ஊர்களின் ஹைஸ்கூல் பிள்ளைகள் தேங்க்ஸ்கிவிங் கேம் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சொல்வது, இந்த வருடம் அண்ணனை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், முடியாவிட்டால் கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் போங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயணத்தை ரத்து செய்தால் கிரெடிட்டாவது தருகின்றன, கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் முதல் நவம்பருக்குப் பிள்ளையைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். வியாழக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே சமையுங்கள். வான்கோழி வேண்டாதவர்களுக்குப் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, பீன்ஸ் பருப்பு உசிலி, கிரான்பெரித் தொக்கு. கிரான்பெரியின் புளிப்புக்கு நல்லெண்ணெயும் வெந்தயப் பொடியும் பெருங்காயமும் சேர்ந்தால் மாங்காய்த் தொக்கையே மறந்துவிடுவீர்கள், கொஞ்சம் வெல்லம் போட மறக்காதீர்கள். இந்த ஊரில் யாருமில்லாத பிள்ளை அணியில் யாராவது இருந்தால் அவனையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

கேள்வி: விளையாட்டால் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். ஹைஸ்கூலில் விளையாடுகிறவர்களில் காலேஜ் அணிக்குப் போகிறவர்கள் சுமார் 7 சதவீதம்தான், அவர்களிலும் எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. படிப்பு கெடும் என்ற பயம் இருந்தால் அது வேண்டாம், டெக்சாஸில் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலே ஆட விடமாட்டார்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது, மருத்துவர் எழுத்தில் கொடுத்த பிறகுதான். ‘ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன்’ என்று பிள்ளை சொல்வான், கேட்காதீர்கள்.

கேள்வி: மகன் சீசன் முழுக்க பெஞ்சில்தான் இருக்கிறான். இதுவரை ஆறு கேமில் இரண்டு நிமிடம்கூட இறக்கவில்லை. அதைப் பார்க்க நாங்கள் ஏன் போக வேண்டும் என்று கணவர் கேட்கிறார். போகவா, வேண்டாமா?
ஒரு அம்மா, ப்ளேனோ, டெக்சாஸ்

போங்கள். இரண்டு பேருமே போங்கள். கோச்சிடம் போய் ஏன் இறக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், அதை உங்கள் மகன் கேட்கட்டும்.

கேம் முடிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் காரை எடுத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பல பள்ளிகளில் கடைசியில் அணி முழுவதும் பேண்டுக்கு எதிரே வரிசையாக நின்று பள்ளிப் பாட்டுப் பாடுவார்கள், ஆடியவன் ஆடாதவன் எல்லோரும் ஒன்றாக. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள், வேர்வையில் ஒட்டிய தலைமுடியோடு ஒவ்வொரு பிள்ளையும் மேலே நிமிர்ந்து பெஞ்சுகளில் யாரையோ தேடும். எப்போதும் ஒரே இடத்தில் உட்காருங்கள், அவனுக்குத் தேடச் சுலபமாக இருக்கும்.